காம்பராவைத் திறந்து வைப்பவர்

மவுசை இரண்டு முறை தட்டிவிட்டு, விஜயலெட்சுமி அக்கா தலையைத் திருப்பி, வரிசையில் நிற்கும் ஒருத்தியிடம் அவளுடைய கோழி ஏன் முட்டையிடுவதை நிறுத்திவிட்டது என்று விசாரிக்கத் தொடங்குகிறார். ஷீட்டில் ஒரு கட்டம் திறந்து கிடக்கிறது. அதற்குள் ஒரு சிறு கோடு மின்னி மின்னி நிற்கிறது. மேசையோரத் தராசில் அடுத்த சாக்கு இறங்கிவிட்டது. தராசோடு வந்த மென்பொருள் எடையைப் படித்துவிட்டது. நான் எழுதிய சின்னப் புரோகிராம் அந்த எடையை வாங்கிக்கொண்டு எக்ஸெல் ஷீட்டிடம் போய் நிற்கிறது. எக்ஸெல் வாங்க மறுக்கிறது. ஒரு கட்டத்தை ஆள் திறந்து வைத்திருக்கும்வரை, வெளியிலிருந்து வரும் எதையும் அது வாங்காது. அது அதன் சுபாவம்.

“அக்கா, எஸ்கேப்ப அமுக்குங்க.”

“நான் எங்க தொட்டேன் தம்பி? சும்மா வச்சிருக்கேன்.”

“சும்மா வைக்கிறதுதான்க்கா பிரச்சின.”

“சும்மா வச்சா என்னடா பிரச்சின? சும்மாதான வச்சிருக்கேன்!”

இந்தச் ‘சும்மா’வோடுதான் நான் ஒரு வாரமாகப் போராடிக்கொண்டிருந்தேன்.

மடுல்சீமையில் பஸ்ஸை விட்டு இறங்கி, பிறகு தேயிலைக் கொழுந்து லாரியில் தொற்றிக்கொண்டு, லாரியும் முனகத் தொடங்கும் ஏற்றத்தில் இறங்கி நடந்தால் தோட்டத்து மேல் டிவிஷனின் நிறுவை மடுவம், அதாவது கொழுந்து நிறுக்கும் கொட்டகை, வரும். தகரக் கூரை, சிமெந்துத் தரை, ஒரு பக்கம் மட்டும் சுவர். அந்தச் சுவரில் சாய்த்துப் போட்ட மேசையில் மடிகணினி. உரப்பையை வெட்டி அதற்கு ஒரு சட்டை தைத்துப் போட்டிருக்கிறார் அக்கா. நிறுவை நேரத்தில் சட்டையைக் கழற்றுவார், முந்தானையால் திரையைத் துடைப்பார், விபூதியை எடுத்துத் தராசுக்கு ஒரு கீற்று, கணினிக்கு ஒரு கீற்று. கணினியை அவர் ‘இவன்’ என்றுதான் சொல்வார். “இவனுக்கு இன்னைக்குச் சளி புடிச்சிருக்கு தம்பி, இருமுறான் பாரு.” அது விசிறியின் சத்தம். தூசி அடைத்துக்கொண்டிருந்தது. நான் சுத்தம் செய்து கொடுத்தேன். மறுநாள், “இவன் பேச்சே இல்லாம இருக்கான், என்ன பண்ணித் தொலைச்ச?” என்றார்.

அவருக்கு வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். நீண்ட காலம் கொழுந்து பறித்தவர். கணக்கப்பிள்ளை வேலைக்குப் பெண்களையும் எடுக்கலாம் என்று தோட்டம் முடிவு செய்தபோது விண்ணப்பித்தவர்களில் பரீட்சை எழுதத் துணிந்தவர் இவர் ஒருவர்தான். விரல் நுனிகளில் கொழுந்துக் கறை இன்னும் போகவில்லை. காதில் ஒரு பேனா எப்போதும் செருகியிருக்கும். அதால் அவர் எழுதி நான் பார்த்ததில்லை. ஆட்களைச் சுட்டவும், நாயை விரட்டவும், வெற்றிலையில் சுண்ணாம்பு எடுக்கவும் பயன்படும். தசமப் புள்ளியில் அவருக்கு நம்பிக்கை கிடையாது. திரையில் 13.4 என்று விழும். “பதிமூணரைக்குக் கொஞ்சம் கம்மி!” என்று கூவுவார். 12.9 விழுந்தால், “பதிமூணுன்னு வச்சுக்க, ஆனா இல்ல!” பறித்த பெண் தலையாட்டிவிட்டுச் சாக்கைத் தூக்குவாள். இது எனக்குத்தான் எரிச்சல். அவர்களுக்கு ஒரு குழப்பமும் இல்லை.

நான் எப்படி அங்கே போய்ச் சேர்ந்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். நமுனுகுலப் பக்கத்துத் தோட்டத்து வரிசை வீடான லயம் ஒன்றில் எங்கள் வீட்டிலிருந்து பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். பட்டம் வாங்கிப் படம் பிடித்து, அது சுவரில் தொங்குகிறது. வேலைதான் இல்லை. கொழும்புக்கு அனுப்பிய விண்ணப்பங்களுக்கு வந்த பதில்கள் எல்லாம் ஒரே வார்ப்பில் இருந்தன. கடைசியில் பதுளையில் தராசும் கேமராவும் விற்கும் மிப்ரான் நானாவின் கடையில் பரீட்சார்த்தமாகச் சேர்ந்தேன். அவர் தோட்டத்துக்கு ஒரு மின்தராசு விற்றிருந்தார். தராசின் மென்பொருளில் எடை அழகாகத் தெரிந்தது. ஆனால் தோட்ட ஆபீஸில் இருப்பவர்கள் தங்கள் எக்ஸெல் ஷீட்டை விட்டு இம்மியும் நகர மாட்டார்கள். ஆகவே இங்கே திறந்திருக்கும் ஷீட்டில் அந்த எடைகள் தாமாகப் போய் விழ வேண்டும். பறிப்பவர் ஒவ்வொருவர் கழுத்திலும் ஓர் அட்டை. அட்டையைக் காட்டினால் பெயர் தெரியும், சாக்கை வைத்தால் எடை தெரியும், இரண்டும் ஷீட்டில் சேர வேண்டும். லாரி புறப்படும்போது ஷீட்டும் ஆபீஸுக்குப் போய்விட வேண்டும்.

“ஒரு வாரத்து வேல, தம்பி. சின்ன விஷயம் தானே இது?” என்றார் மிப்ரான் நானா.

சின்ன விஷயந்தான். கடையில் உட்கார்ந்து எழுதி முடிக்க எனக்கு ஒரு பகல் போதுமாயிருந்தது. கடையில் எல்லாம் ஓடியது. கடையில் விஜயலெட்சுமி அக்கா இல்லை.

இது வெறும் ஆபீஸ் வசதிக்காகச் செய்யப்பட்டது அல்ல. மேல் டிவிஷன் ஷீட்டில் ஒரு எடையும், ஆலையில் லாரி இறக்கும்போது இன்னொரு எடையும் இருப்பதாகப் பல மாதமாகச் சண்டை. தோட்டத்து உதவி மேலாளர் சின்னத் தொரை முடிவாகச் சொல்லிவிட்டார்: இந்தப் புதிய ஏற்பாட்டில் ஷீட்டும் லாரியும் ஒத்துப் போகாவிட்டால், அடுத்த மாதத்திலிருந்து மேல் மடுவத்தை மூடிவிடுவது. கொழுந்தைப் பெண்களே சுமந்து குறுக்குப் பாதையால் ஆலைக்கு இறங்க வேண்டும். அந்தக் குறுக்கில் நான் வெறுங்கையோடு இறங்கிப் பார்த்தேன். பாசி பிடித்த கல், ரத்தம் உறிஞ்சும் அட்டை, மழை பெய்தால் பாதையே ஓடை. ஈரக் கொழுந்துச் சாக்கோடு அதில் இறங்கி, மறுபடியும் மலையேறிப் பறிக்கப் போக வேண்டும், அதுவும் பகல் நிறுவைக்கும் அந்தி நிறுவைக்கும்.

“தராசு கீழ போனா நானும் கூடையத் தூக்கிக்கிட்டு மலைக்குப் போயிருவேன். எனக்கென்ன, தெரியாத வேலையா?” என்பார் அக்கா. “இவளுங்க முட்டிதான் தம்பி கழண்டு போயிரும்.”

இவ்வளவு தெரிந்தவர், அந்தக் கட்டத்தை மட்டும் மூட மாட்டார்.

முதல் நாள் என் புரோகிராம் விழுந்து செத்தது. எக்ஸெல் மறுத்ததும் அதற்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. நான்தான் அதற்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. திறந்திருக்கும் ஷீட்டுக்கு முன்னால் ஒரு மனிதர் உட்கார்ந்திருப்பார், அவருக்கு ஒரு கை இருக்கும் என்று நான் யோசிக்கவேயில்லை. இரண்டாம் நாள் அதை மாற்றினேன்: மறுத்தால் காத்திரு, மறுபடி கேள், விடாமல் கேள். இப்போது எடை எதுவும் தொலையவில்லை. ஆனால் அக்கா ஒரு கட்டத்தைத் திறந்துவிட்டுக் கோழியில் தொடங்கி, கோயில் கமிட்டிக்குப் போய், கொஸ்லந்தையில் கட்டிக்கொடுத்த தங்கச்சியின் மாமியாரில் முடிப்பதற்குள் நாலைந்து பேருடைய எடை வெளியே வரிசையில் நின்றது. அவர் எதையோ அமுக்கியதும் எல்லாம் ஒன்றாகக் கொட்டியது. தன் எண்ணைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று நின்றிருந்த பெண்கள் கத்தத் தொடங்கினார்கள். அவர்களில் உரக்கக் கத்தியவர் பெரியாயி. அக்காவுக்கு மூத்தவர், மேட்டு லயத்துக்காரர், வாய்க்குப் பூட்டு இல்லாதவர்.

“என் கொழுந்த எங்க தம்பி அனுப்புன? கொழும்புக்கா?”

“இல்லங்க, வந்துரும். கட்டம் தொறந்திருக்கு, அதான்...”

“படிச்ச புள்ளன்னு பேரு. ஒரு சாக்க நிறுக்கத் தெரியல. உங்கம்மா எந்தத் தோட்டம்?”

நமுனுகுல என்றேன்.

“அவங்க கொழுந்தையும் இப்பிடித்தான் பறக்க விட்டியா?”

எல்லோரும் சிரித்தார்கள். அக்காதான் அதிகம் சிரித்தார். சிரித்துக்கொண்டே மவுசை இரண்டு முறை தட்டினார்.

அன்று ஆபீஸிலிருந்து மடுவத்துப் போனுக்கு அழைப்பு வந்தது. பகல் நிறுவையின் கூட்டுத்தொகை வரவில்லை, அந்த இடத்தில் ஏதோ பிழைக் குறி வந்திருக்கிறது. ஷீட்டைத் திறந்து பார்த்தேன். எடை விழ வேண்டிய பத்தியில், எண்களுக்கு நடுவே, மூன்று இடங்களில் எழுத்து இருந்தது. ஒன்றில் ‘வருது’. ஒன்றில் ‘ம்’. இன்னொன்றில் ‘பால்’. எக்ஸெல் எண்ணையும் பாலையும் எப்படிக் கூட்டும்?

“அக்கா, இதுக்குள்ள எழுதக் கூடாதுக்கா. நம்பர் மட்டுந்தான்.”

“நம்பர் இருந்தா நான் ஏன் எழுதப் போறேன்? நம்பர் இன்னும் வரல. அதான் வருதுன்னு போட்டேன்.”

“நம்பர் வர்றதுக்கு நீங்க கட்டத்த விட்டு வெளிய வரணும்.”

“நான் வெளிய வந்துட்டா அவ காம்பராவுல வேற எவளாச்சும் பூந்துருவாளே!”

அப்போதுதான் எனக்கு விஷயம் கொஞ்சம் விளங்கியது. ஷீட் அவருக்கு ஒரு லயம். ஒவ்வொரு கட்டமும் ஒரு காம்பரா, ஒரு குடும்பத்தின் அறை. பெயருக்கு நேரே இருப்பது அந்தப் பெண்ணின் காம்பரா. ஆள் வரும்வரை அதைத் திறந்து வைத்துக் காத்திருப்பது தன் பொறுப்பு என்று அவர் நினைத்தார். யார் வரும்வரை? அதைத்தான் நான் கவனிக்கவில்லை.

பகல் நிறுவை நேரத்தில் கைக்குழந்தை உள்ள பெண்கள் வரிசையில் நிற்பதில்லை. சாக்கைப் பக்கத்து நிரையில் பறிப்பவளிடம் கொடுத்துவிட்டுப் பிள்ளைக் காம்பராவுக்கு ஓடிவிடுகிறார்கள். அங்கே ஆயாவிடம் விட்டிருக்கும் குழந்தைக்குப் பால் கொடுத்துவிட்டு வர வேண்டும். சாக்கு மடுவத்துக்கு வந்துவிடும். அட்டை மட்டும் அவள் கழுத்தில் தொங்கிக்கொண்டு பால் கொடுக்கப் போய்விடும். என் ஏற்பாட்டில் ஆளும் அட்டையும் சாக்கும் ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் நிற்க வேண்டும். இங்கே அவை மூன்றும் ஒன்றாக நிற்பது அபூர்வம். அட்டை இல்லாத சாக்கு வந்ததும் அக்கா அந்தப் பெண்ணின் கட்டத்தைத் திறந்து பிடித்துக்கொள்வார், அவள் ஓடி வரும்வரை. எடையை வாயால் மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டே கோழியைப் பற்றியும் பேசுவார்.

இந்த இடத்தில் நான் என்னைத் திட்டிக்கொண்டு, அவரைக் கும்பிட்டுவிட்டு எழுதி முடித்திருக்கலாம். ஆனால் உண்மை அப்படி இல்லை. காரணம் தெரிந்த பிறகும் எனக்கு அவர்மேல் கோபம் குறையவில்லை. ஏனென்றால் பாதி நேரம் அவர் யாருக்காகத் திறந்து வைத்திருக்கிறார் என்பது அவருக்கே மறந்துவிடும். ஒருமுறை வேலைக்கே வராத ஒருத்திக்காகக் கட்டத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, “எங்கடி இன்னும் காணோம்?” என்று பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் அன்று பதுளை ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாள். மனப்பாட எடையும் சில சமயம் பேச்சில் கரைந்துவிடும். பதினொன்று பன்னிரண்டாகும். ஷீட்டுக்கும் லாரிக்கும் நடுவில் இருந்த வித்தியாசத்தில் ஒரு பங்கு அக்காவின் நல்ல மனசுதான் என்று நான் அடித்துச் சொல்வேன்.

ஆகவே அவருக்காகவே ஒரு பொத்தான் செய்தேன். அட்டை வராத சாக்கு என்றால் அதை அமுக்கினால் போதும். எடையைப் புரோகிராமே பத்திரமாக வைத்திருக்கும். பிறகு அட்டை வந்ததும் சேர்த்துவிடும். பொத்தானில் ‘காத்திருக்கு’ என்று தமிழில் எழுதினேன். பச்சை நிறம் கொடுத்தேன்.

“அழகா இருக்கு தம்பி” என்றார். தொடவேயில்லை.

“ஏன்க்கா அமுக்க மாட்டேங்கிறீங்க?”

“அமுக்குனா அது எங்க போவுது?”

“உள்ள இருக்கும்.”

“உள்ளன்னா?”

“புரோகிராமுக்கு உள்ள.”

“கண்ணுக்குத் தெரியுமா?”

“தெரியாது. ஆனா இருக்கும்.”

அவர் பேனாவைக் காதிலிருந்து எடுத்துப் பெரியாயியைச் சுட்டினார். “இவகிட்டப் போய்ச் சொல்லு. ‘உன் கொழுந்து உள்ள இருக்கு, கண்ணுக்குத் தெரியாது’ன்னு சொல்லிப் பாரு.”

பெரியாயி வெற்றிலையைத் துப்பிவிட்டு, “எங்க, சொல்லு தம்பி, கேப்பம்” என்றார்.



லாரி கிளம்பியதும் தேயிலைச் செடிகளுக்கு நடுவில் நின்று மிப்ரான் நானாவுக்குப் போன் செய்வேன். மடுவத்துக்குத் தோட்டத்து லைன் உண்டு; என் போனுக்கு அங்கே மட்டுந்தான் சிக்னல் கிடைக்கும். “என்னடா தம்பி, இன்னும் சரி வரல்லயா? வெள்ளிக்கிழமை தொரை நேர்ல வாறாராம். அன்டைக்கும் சரி வரல்லன்டா அந்தத் தோட்டமும் நமக்கு இல்ல, நீயும் இல்ல” என்றார். கடையில் என் வேலை அந்த வெள்ளிக்கிழமையில் தொங்கியது. ஆனால் எனக்கு இன்னொரு கடை கிடைக்கலாம். மடுவம் மூடினால் இந்தப் பெண்களுக்கு இன்னொரு குறுக்குப் பாதை கிடைக்காது. இதை நினைத்தால் எனக்குத் தூக்கம் வரவில்லை. தூங்க இடம் கொடுத்தவரும் அக்காதான். அவர் வீட்டு முன்காம்பராவில் பாய் போட்டுக் கொடுத்து, விடியும்போது பால் ஊற்றாத சாயத்தண்ணியும் ரொட்டியும் வைத்துவிட்டு, “தின்னுட்டு வந்து என்னைய ஏசு” என்று காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய்விடுவார். ஒரு மனிதர்மீது ஒழுங்காகக் கோபப்படக்கூட வழியில்லை.

புதன்கிழமை கடைசியாக ஒன்று செய்தேன். தராசில் எடை ஆடிக்கொண்டிருக்கும்போது ஷீட்டை அனுப்பிவிட்டால், அந்தக் கடைசிச் சாக்கு விடுபட்டுப் போகும். ஆகவே தராசு ஆடாமல் நின்றால்தான் ‘அனுப்பு’ பொத்தான் உயிர் பெறும் என்று வைத்தேன். பெருமையாக அக்காவிடம் காட்டினேன். சாக்கைக் கையால் ஆட்டிக் காட்டினேன். பொத்தான் சாம்பல் நிறத்தில் செத்துக் கிடந்தது. “பாத்தீங்களா? தராசு ஆடுற வரைக்கும் ஆராலயும் அனுப்ப ஏலாது. தொரையாலயும் ஏலாது.”

“ம்” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. அவர் ஒன்றும் சொல்லாதது அதுவே முதல் தடவை.

வெள்ளிக்கிழமை பகல் மழை தூறிக்கொண்டிருந்தது. சின்னத் தொரை மோட்டார் சைக்கிளில் வந்து, மழைக்கோட்டோடு மேசைக்கு எதிரே நின்றார். லாரி இயந்திரத்தை நிறுத்தாமல் பாதையோரத்தில் உறுமிக்கொண்டிருந்தது.

“ஷீட்டும் லாரியும் ஒண்ணா போகணும். போனா மடுவம் இருக்கும். இல்லாட்டி ஒண்ணாந்தேதிக்கு எல்லாரும் கீழதான்” என்றார். அவருடைய தமிழில் பிசிறில்லை. எல்லோருக்கும் கேட்டது.

நான் முன்னேற்பாடாக இருந்தேன். காலையிலேயே மவுசைப் பிடுங்கி என் பக்கம் வைத்துக்கொண்டேன். மடிகணினியின் தடவு பலகையில் பிளாஸ்டர் ஒட்டிவிட்டேன். “எடுத்துக்க ராசா. எனக்கென்ன, கை காலியா இருந்தா வெத்தல மடிப்பேன்” என்று அக்கா சம்மதித்திருந்தார். ஆனால் அவருடைய வலது கைக்கு எங்கே போவதென்று தெரியவில்லை. மேசையில் கிடந்தது, மூக்குத்தியைத் திருகியது, பேனாவை எடுத்துச் செருகியது, திரும்ப எடுத்தது.

எடைகள் விழத் தொடங்கின. அட்டை, சாக்கு, எண். அட்டை, சாக்கு, எண். ஒன்றும் காத்திருக்கவில்லை, ஒன்றும் மறுக்கவில்லை. பெயருக்கு நேரே எண் வந்து உட்காரும்போது அந்தப் பெண்கள் எட்டிப் பார்த்துவிட்டு நகர்ந்தார்கள். அக்கா கூவினார், “பதினாறுக்குத் தலையக் காட்டுது!” படித்தது வீண் போகவில்லை என்று எனக்கு முதல்முறையாகத் தோன்றியது. குழந்தை உள்ளவர்களும் அன்று எப்படியோ முன்கூட்டியே வந்து அட்டையைக் காட்டிவிட்டார்கள். முந்தின நாளே அக்கா லயம் லயமாகப் போய்ச் சொல்லியிருக்க வேண்டும்.

வரிசையின் கடைசி ஆள் பெரியாயி. அவர் சாக்கு விழுந்தது, எண் விழுந்தது. பிறகு அவர் முதுகிலிருந்து இன்னொரு சாக்கை இறக்கித் தராசில் வைத்தார்.

“இது ஆரு சாக்கு?” என்றார் சின்னத் தொரை.

“சுதாவோடது சார். சுதர்ஷினி. புள்ளைக்குப் பால் குடுக்கப் போயிட்டா.”

“அட்டை?”

“அவ கழுத்துல.”

சின்னத் தொரை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “அட்டை இல்லாட்டி எடை இல்ல. சாக்க எடுத்து வைங்க, அந்திக்குப் போடலாம். தம்பி, ஷீட்ட அனுப்புங்க.”

அந்திவரை கட்டிக் கிடந்தால் ஈரக் கொழுந்து சாக்குக்குள்ளேயே வெந்துவிடும். ஆலை அதை எடுக்காது. பகல் எடை இல்லையென்றால் சுதர்ஷினிக்கு அன்று அரைப் பேர்தான், அரை நாள் சம்பளம்; காலையிலிருந்து பறித்த நாளில் பாதி போய்விடும். எடையில்லாமல் சாக்கை லாரியில் ஏற்றினால் ஷீட்டும் லாரியும் ஒத்துப் போகாது. என் பச்சைப் பொத்தானை அமுக்கினாலும், அட்டை வராமல் அந்த எடை இந்த ஷீட்டில் ஏறாது. இது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும்.

“வந்துருவா சார்” என்றார் அக்கா.

“எப்போ?”

“வந்துக்கிட்டேதான் இருப்பா.”

“லாரி இன்னும் ரெண்டு மடுவத்துக்குப் போகணும். அனுப்புங்க.”

வரிசையில் முணுமுணுப்பு எழுந்தது. பெரியாயி குனிந்து அக்காவின் காதோரம், ஆனால் எனக்கும் கேட்கும்படி சொன்னார்: “அடியே விஜயா, அனுப்பித் தொலையேன். அவ அரப் பேரோட போகட்டும். இந்த ஒரு சாக்குக்காக எங்க எல்லாத்தையும் குறுக்குல எறக்கிறாத.”

“சாக்கக் கொண்டாந்தவ நீதான?”

“கொண்டாந்தேன். இப்ப நானே சொல்றேன். அனுப்பு.”

 அக்காவின் கை, மவுஸ் வழக்கமாக இருக்கும் இடத்தில் போய் வெறும் பலகையைத் தடவியது. என்னைப் பார்த்தார். நான் பார்வையைத் திருப்பிக்கொண்டேன். மவுஸ் என் கையில் இருந்தது. சின்னத் தொரை என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பெரியாயி சொன்னதுதான் சரி என்று எனக்குப் பட்டது. ஒரு பெண்ணின் அரை நாளுக்கு எதிரே ஒரு மலைப் பெண்கள் அத்தனை பேரின் முழங்கால்கள். கணக்கில் சந்தேகமே இல்லை. அம்புக்குறியைக் கொண்டுபோய் ‘அனுப்பு’ பொத்தானில் வைத்து அழுத்தினேன்.

ஒன்றும் நடக்கவில்லை. பொத்தான் சாம்பல் நிறத்தில் கிடந்தது.

மறுபடி அழுத்தினேன். திரையின் மூலையில் தராசின் எண் ஓடிக்கொண்டிருந்தது. பதினாலு, பதினெட்டு, இருபத்தொன்று, பதினேழு. ஒரு இடத்திலும் நிற்கவில்லை.

“என்ன, ஹேங்கா?” என்றார் சின்னத் தொரை.

நான் குனிந்து பார்த்தேன். மேசைக்குக் கீழே அக்காவின் ஒரு செருப்பு தனியாகக் கிடந்தது. அவருடைய கால் சாக்குக்குப் பக்கத்தில், தராசின் தட்டில் ஏறியிருந்தது. மேசைக்கு மேலே அவர் முகம் மழையை ரசித்துக்கொண்டிருந்தது.

“இல்ல சார்” என்றேன். குரல் எனக்கே புதிதாக இருந்தது. “தராசு இன்னும் நிக்கல.”

லாரி ஹார்ன் அடித்தது. சின்னத் தொரை மேசையைச் சுற்றி வந்து குனிந்தார். காலைப் பார்த்தார். நிமிர்ந்து அக்காவைப் பார்த்தார்.  பெரியாயி தலைத்துணியை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டார்.

“அந்தா வர்றா சார்” என்றார் அக்கா, பேனாவை நீட்டி.

பிள்ளைக் காம்பராவிலிருந்து வரும் பாதையில் சுதர்ஷினி ஓடி வந்துகொண்டிருந்தாள். ஒரு கையால் சட்டையைச் சரிசெய்துகொண்டு, மறு கையில் அட்டையை உயரத் தூக்கிப் பிடித்தபடி, சேற்றில் சறுக்கிச் சமாளித்து, மறுபடி ஓடி வந்தாள்.

சின்னத் தொரை கடிகாரத்தைப் பார்த்தார். பாதையைப் பார்த்தார். பிறகு லாரிப் பக்கம் திரும்பி உள்ளங்கையை உயர்த்தினார். இயந்திரம் அடங்கியது. தகரத்தில் தூறல் விழும் சத்தம் மட்டும் கேட்டது.

“சரி. ரெண்டும் ஒண்ணாவே போகட்டும்” என்றார்.

விஜயலெட்சுமி அக்கா தலையை மட்டும் அசைத்தார். சுதர்ஷினி இன்னும் நாலைந்து எட்டு வர வேண்டியிருந்தது. தராசின் எண் நிற்கப் பார்த்தது. அவர் கால் பெருவிரலைத் தட்டில் இன்னொரு முறை அழுத்தினார்.